தலையணை உறைக்குள் ஒரு பாஸ்போர்ட்

கோட்டை மதிலின்மேல் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஜொவிட்டா டீச்சருக்குத் தலையணை ஞாபகம் வந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சீனாவின் வடக்கே பிங்யாவ் என்று ஒரு பழைய ஊர். ஊரைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்கு மதில். உள்ளே சாம்பல் நிற ஓட்டுக் கூரைகள், முற்றம் முற்றமாய் வீடுகள், நடுத்தெருவை மறித்துக்கொண்டு காலுக்கடியில் ஜனங்களைப் போகவிடும் ஒரு கோபுரம். அக்டோபர் கடைசி, மெட்ராஸ்காரிக்குப் பல் கிட்டிப்போகிற குளிர். ஆனாலும் ஸ்வெட்டரைக்கூடப் பூட்டாமல், எட்டு மணிக்கு மேலே ஏறியவள் பத்தே கால் மணிவரை தனியாக நடந்துகொண்டே இருந்தாள். இரண்டு தரம் சத்தமாகச் சிரிக்கவும் செய்தாள். பக்கத்தில் யாரும் இல்லை, எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்க.

அப்போது கீழே கோட்டை வாசல் வழியாக ஒரு மூன்று சக்கர வண்டி வெளியே போனது. வண்டி நிறைய வெள்ளை மூட்டைகள். விடுதிகளின் அழுக்குத் துணியைச் சலவைக்கு எடுத்துப்போகிற வண்டி. ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, ஒரு தலையணை உறை வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ மாதாவே!" என்றாள் ஜொவிட்டா.

காலையில் கிளம்பும்போது அவள் செய்த காரியம் அப்படி. சாந்தோமில் அவர்கள் வீட்டில் பீரோ சாவி, அக்காவின் இரட்டை வடச் சங்கிலி, கரண்ட் பில், எதுவானாலும் தலையணை உறைக்குள்தான். அப்பா காலத்திலிருந்து அப்படி. திருடன் பீரோவை உடைப்பான், பெட்டியைக் கிளறுவான், தலையணையை எவன் தொடப்போகிறான்? சனிக்கிழமை துவைக்கப் போடும்போது முதலில் உதறிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில், கூட்டத்தில் எவனாவது அடித்துவிடுவான் என்று பயந்து, தி.நகர் நகைக்கடையில் கொடுத்த சின்னச் சிவப்பு பர்ஸில் பாஸ்போர்ட்டை வைத்து, விடுதித் தலையணையின் உறைக்குள் செருகித் தட்டிச் சமன்செய்துவிட்டு நிம்மதியாக வந்திருக்கிறாள். விடுதியில் உறை மாற்றுவார்கள் என்று முப்பத்தொரு வருஷம் பூகோளம் நடத்தியவளுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

மாலை ஐந்து ஐம்பதுக்கு ஷியானுக்கு ரயில். அங்கிருந்து நள்ளிரவில் கோலாலம்பூர் விமானம், அதற்குமேல் சென்னை. அந்த ஊர் ரயிலுக்குக் காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். அது இல்லாமல் ரயில் நிலையத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். விசாவும் நாளையோடு சரி.

கத்தினாள். வண்டிக்காரன் காதில் விழவில்லை. அடுத்த இறங்குபடி எங்கோ தூரத்தில் இருந்தது. காலில் மூட்டு வலி உள்ளவள் அந்த மதில்மேல் ஓடிய ஓட்டத்தை அவளுடைய பழைய மாணவிகள் பார்த்திருந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்திருப்பார்கள்.

ஜொவிட்டா டீச்சரைப் பற்றிச் சாந்தோமில் யாரைக் கேட்டாலும், அந்தம்மாவுக்குத் தைரியம் ஜாஸ்தி என்பார்கள். கூடவே குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் திமிரும் ஜாஸ்தி என்பார்கள். இரண்டுமே வாஸ்தவம். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தாறு வயதில் சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சை யாரையும் எடுக்கவிடவில்லை. வகுப்பில் உலகப் படத்தை மாட்டி, மஞ்சள் ஆறு இங்கே திரும்புகிறது என்று வருஷா வருஷம் குச்சியால் தொட்டுக் காட்டியவள், ரிட்டயரான மறுமாதமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். முதலில் கொழும்பு. அடுத்து ஹனோய். இப்போது ஐம்பத்தொன்பதாவது வயதில் சீனா. எல்லாம் தனியாக. குழுவாகப் போகிற டூரில் போயேன் என்று சொன்னவர்களிடம், "பஸ்ஸுல ஏறினா தலைய எண்ணு, எறங்கினா தலைய எண்ணு. அதை முப்பது வருஷம் பண்ணியாச்சு, ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதற்கெல்லாம் எதிர்க்கட்சி அவள் அக்கா ஃப்ளோரா. அறுபத்து நாலு வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். கணவர் ஹென்றி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கோவிலுக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் அக்காவும் தங்கையும்தான். ஃப்ளோரா அதிகபட்சம் போன தூரம் வேளாங்கண்ணி. தங்கை ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் மூன்று நாள் பேசமாட்டாள். நாலாம் நாள் புளியோதரைப் பொடி இடித்துக் கொடுப்பாள்.

விடுதிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். அறைக்குள் போய்ப் பார்த்தால் மெத்தை மேல் புது விரிப்பு, புது உறை, மடிப்புக் கலையாமல். இரண்டு தலையணையையும் உருவி உதறினாள். பஞ்சுத் துணுக்குகூட விழவில்லை.

விடுதிக்காரி வூ என்பவள் நாற்பது வயதுக்காரி, சிரித்த முகம். ஜொவிட்டா தலையணையைத் தட்டித் தட்டிக் காட்டியதும் ஓடிப்போய் இன்னும் உயரமாக ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். ஜொவிட்டாவுக்கு அழுகை முட்டியது. அப்புறம் வூவின் போனில் மொழிபெயர்க்கிற வசதியைப் போட்டு, ஒரு வார்த்தை ஒரு வார்த்தையாக விஷயத்தைச் சொன்னாள். வூவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சலவைக்கூடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கணவன் சந்தையிலிருந்து வரட்டும், கல்லாவில் அவனை உட்காரவைத்துவிட்டு நானே உன்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன் என்று போன் வழியே சொன்னாள்.

சந்தைக்குப் போன புருஷன் எந்த ஊரில் சீக்கிரம் வந்திருக்கிறான்? ஜொவிட்டா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பதினொன்றரைக்கு போன் அடித்தது. ஃப்ளோரா. ஊரில் ஒன்பது மணி. தினமும் டிபன் முடித்துவிட்டு அக்கா கூப்பிடும் நேரம். எடுக்காமல் விட்டால் இன்னும் வம்பு.

"என்னடி, குரலே சரியில்ல?" என்றாள் ஃப்ளோரா, ஹலோ சொன்ன மாத்திரத்தில்.

"ஒண்ணுமில்லக்கா. குளிரு."

"குளிருக்குக் குரல் நடுங்காது. எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். சொல்லிவிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் போல, அந்தப் பக்கம் இன்னொரு குரல் கேட்டது. மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தினமும் அவர்கள் வீட்டுப் படியில் தண்ணீர் குடிக்க உட்காரும் அங்காளம்மாள்.

"இன்னாக்கா? டீச்சரம்மா இன்னா சொல்லிக்கினு கீறாங்க? பாஸ்போட்டு தலகாணில பூட்ச்சா?"

போச்சு. மத்தியானத்துக்குள் அவள் இருக்கும் நொச்சிக்குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஜொவிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுக்குத்தான்டி தலையால அடிச்சுக்கிட்டேன், தனியா போகாதே போகாதேன்னு" என்று ஆரம்பித்தாள் ஃப்ளோரா.

"அக்கா, வைக்கிறேன். தேடணும்."

வூவின் புருஷன் பன்னிரண்டு மணிக்கு வந்தான், கையில் ஒரு கட்டு வெங்காயத் தாளோடு. வூ ஸ்கூட்டரைக் கிளப்பினாள். சந்துக்குள் சந்து, எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் செங்கல். காடி வாசனை அடிக்கிற கடைகள், சிவப்பு விளக்குக் கூண்டுகள், கழுத்தில் கேமரா தொங்கவிட்ட சீனப் பயணிகள். பார்க்கவேண்டும் என்று ஆறு மாதமாகக் குறித்துவைத்த இடமெல்லாம் இருபுறமும் ஓடியது. ஒரு திருப்பத்தில் உச்சியில் சிலுவை வைத்த ஒரு மாதா கோவில்கூட வந்தது. இன்று மத்தியானம் அங்கே போய் முட்டி போட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தவள். வாசல் சாத்தியிருந்தது. நல்ல வேளைக்குச் சாத்தினீர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

சலவைக்கூடம் கோட்டைக்கு வெளியே, ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளே சுவர் உயரத்துக்கு மெஷின்கள், சோப்பு ஆவி. ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், மெஷின் பார்த்துக்கொள்பவன். மற்றவர்கள் சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள், இரண்டு மணிக்குத்தான் வருவார்கள் என்றான். வூ தன் விடுதியின் பெயரைச் சொன்னதும் அவன் மூன்றாவது மெஷினைக் கைகாட்டினான். காலையில் வந்த உறைகள் எல்லாம் அதற்குள். ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினால் கதவு திறக்காது. இன்னும் ஐம்பத்திரண்டு நிமிஷம்.

வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைத் துணிகள் புரண்டு புரண்டு விழுந்தன. ஜொவிட்டா ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று இமைக்காமல் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீரில் காகிதம் எத்தனை நேரம் தாங்கும்? படம் கரைந்துபோன, எழுத்து அழிந்துபோன ஒரு கூழ் வெளியே வந்தால் அதை யாரிடம் நீட்டி நான்தான் ஜொவிட்டா என்று சொல்வது? வூ பக்கத்தில் நின்று அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கையை எடுத்துவிடாதே தாயே என்று மனசுக்குள் கெஞ்சினாள் ஜொவிட்டா. யாரும் பக்கத்தில் இருக்கவேண்டாம் என்று வந்தவள்!

ஒன்று ஐந்துக்கு போனில் ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. ஃப்ளோரா. பின்னணியில் கோவில் மணி.

"ஜொவி, நல்லா கேட்டுக்கோ. அந்தோணியார் கோவில்லதான் நிக்கிறேன். இன்னைக்கு செவ்வாக்கெழம, அவர் நாளு. மெழுகுவத்தி ஏத்தி நேர்ந்துக்கிட்டேன். பாஸ்போர்ட் கெடைச்சா எங்க ஜொவிட்டா இனிமே ஒருநாளும் தனியா வெளியூர் போகமாட்டான்னு உம்பேர் சொல்லி நேர்ந்திருக்கேன். நீ பயப்படாத. தொலைஞ்சதெல்லாம் அவர் கொண்டாந்து குடுத்துருவார்."

ஜொவிட்டாவுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. என் காலுக்கு இவள் யார் நேர்ந்துகொள்ள?

ஆனால் அந்தக் குடும்பத்தில் நேர்ச்சை என்பது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஒருத்தர் நேர்ந்துகொள்வார், இன்னொருத்தர் செலுத்தவேண்டும். ஃப்ளோரா நர்சிங் பாஸாகவேண்டும் என்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். பாஸானது ஃப்ளோரா. காவிப் புடவை கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து பாத யாத்திரை நடந்தது ஜொவிட்டா. ஏன் நான் என்று கேட்டதற்கு, உன் பேரைச் சொல்லித்தானே நேர்ந்தேன் என்றாள் அம்மா. கொப்புளம் வெடித்து நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

அது போகட்டும். ஹென்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஃப்ளோரா, அவர் பிழைத்தால் இனி மீன் தொடமாட்டேன் என்று இதே அந்தோணியாரிடம் நேர்ந்தாள். ஹென்றி பிழைக்கவில்லை. கேட்டது கிடைக்காதபோது கொடுக்கவேண்டிய கட்டாயம் என்ன? ஜொவிட்டாவே கேட்டாள். "சொன்னது சொன்னதுதான்" என்றாள் ஃப்ளோரா. பன்னிரண்டு வருஷமாக, வஞ்சிரமும் சங்கராவும் வாசலுக்கே வருகிற தெருவில் உட்கார்ந்துகொண்டு, தங்கைக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுத் தனக்கு ரசம் ஊற்றிக்கொள்கிறாள். அப்படிப்பட்டவள் உன் பேரைச் சொல்லி நேர்ந்துவிட்டேன் என்று சொன்னால், அதை எப்படி இல்லை என்று தள்ளுவது?

பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போகமுடியாது. கிடைத்துவிட்டால் இனி எந்த ஊருக்கும் போகமுடியாது. அந்த முக்காலியில் உட்கார்ந்து இதைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். கிடைக்கவேண்டும் என்று முழு மனசோடு ஆசைப்படக்கூட முடியாமல் பண்ணிவிட்டாளே பாவி.

மெஷின் நின்றது. அந்த ஆள் கதவைத் திறந்து ஈரத் துணியைத் தொட்டியில் இழுத்துப் போட்டான். ஜொவிட்டாவும் வூவும் ஒவ்வொரு உறையாக எடுத்துத் திருப்பி உதறினார்கள். அறுபது, எழுபது உறைகள். கை சிவந்து விறைத்துப்போனது. கடைசி உறையும் வெறுமையாகத்தான் இருந்தது.

"இல்ல" என்றாள் ஜொவிட்டா தமிழில். வூவுக்குப் புரிந்தது.

இரண்டு மணிக்குத் துணி பிரிக்கிற அம்மாள் கொட்டாவி விட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். ஜொவிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு சீன மொழியில் பொரிந்து தள்ளினாள். வூ கேட்டுக் கேட்டுப் போனில் சொல்ல, விஷயம் துண்டு துண்டாக வந்தது. எந்தத் துணியையும் உதறிப் பார்க்காமல் மெஷினில் போடுவது அவள் வழக்கமே இல்லையாம். பல்செட்டு, மோதிரம், எல்லாம் கிடைத்திருக்கிறது. இன்று பதினொரு மணிக்கு அவள் உதறிய ஒரு உறையிலிருந்து சிவப்பு பர்ஸ் விழுந்தது. திறந்து பார்த்தால் வெளிநாட்டு அம்மாளின் படம். ஆனால் இருபது விடுதி மூட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தாகிவிட்டது. எந்த விடுதி என்று தெரியவில்லை. அதனால் பதினொன்றரைக்கு வெளுத்த துணி கொடுக்கக் கிளம்பின வண்டிக்காரனிடம் பர்ஸைக் கொடுத்து, ஒவ்வொரு விடுதியிலும் இந்தப் படத்தைக் காட்டிக் கேள் என்று அனுப்பியிருக்கிறாள்.

ஜொவிட்டா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நனையவில்லை. பத்திரமாக இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது!

வூ வண்டிக்காரனுக்குப் போன் போட்டாள். அவன் போன் இங்கேயே, ஜன்னலோரம் சார்ஜில் கிடந்து அடித்தது.

சுவரில் விடுதிகளின் பட்டியல் ஒட்டியிருந்தது, துணி கொடுக்கிற வரிசைப்படி, பெயர்கள் மட்டும், போன் நம்பர் இல்லை. வூவின் விடுதி பத்தொன்பதாவது. அங்கே அவன் வந்து சேர ஆறு மணி ஆகும் என்றாள் வூ. ஐந்து ஐம்பதுக்கு ரயில். பேசாமல் அறையில் உட்கார்ந்திருந்தாலே பாஸ்போர்ட் வந்துவிடும், ரயில் போன பிறகு.

"மேப்" என்று எழுந்தாள் ஜொவிட்டா. பையிலிருந்து ஊர் வரைபடத்தை எடுத்துத் துணி மடிக்கிற மேஜையில் விரித்தாள். வூ ஒவ்வொரு விடுதியும் எங்கே என்று காட்டக் காட்ட, பேனாவால் ஒன்றிலிருந்து இருபதுவரை புள்ளி வைத்தாள். தென்கிழக்கு மூலையில் ஆரம்பித்து, சந்து சந்தாக வளைந்து, நடுக்கோபுரத்தைக் கடந்து மேற்கே போகிற வழி. பதினொன்றரைக்குக் கிளம்பியவன், நடுவில் சாப்பாடு, ஒரு விடுதிக்குப் பதினைந்து இருபது நிமிஷம். மூன்று மணிக்கு ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கவேண்டும். தன் வாழ்க்கையில் வைத்த எந்தப் பரீட்சைக்கும் அவள் இத்தனை கவனமாகக் கணக்குப் போட்டதில்லை.

வூவுக்கு மூன்று மணிக்குப் புது விருந்தாளிகள். ஜொவிட்டாவைக் கோபுரத்தடியில் இறக்கிவிட்டு, கையைப் பிடித்து அழுத்திவிட்டு, மனசே இல்லாமல் போனாள்.

ஒன்பதாவது விடுதி வாசலில் வெள்ளைக் கட்டு ஒன்று புதிதாக வைத்திருந்தது. வந்துவிட்டுப் போயிருக்கிறான். பன்னிரண்டாவது விடுதிக்கு ஓடினாள். அங்கே இன்னும் எதுவும் வரவில்லை என்று கல்லாவில் இருந்தவர் தலையாட்டினார். சரி. இரண்டுக்கும் நடுவில் நாலு சந்து கூடுகிற ஒரு முக்கு. அங்கே போய் நின்றாள்.

மூன்று ஐந்து. மூன்று பத்து. பதினைந்து.

வரவில்லை. பத்தாவது விடுதிப் பக்கம் ஓடிப் பார்க்கலாமா? இல்லை, பதினொன்றா? ஒரு சந்தில் இவள் போக, இன்னொரு சந்தில் அவன் போய்விட்டால்? கால் பரபரத்தது. வண்டலூருக்கும் கிண்டிக்கும் சுற்றுலா கூட்டிப்போன பிள்ளைகளிடம் வருஷா வருஷம் அவள் தொண்டை வறளச் சொன்னது ஒன்றுதான்: தொலைஞ்சுட்டா ஓடாதே, நின்ன எடத்துலயே நில்லு, நான் வருவேன். அதை இன்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொல்வது சுலபம், நிற்பது எத்தனை கொடுமை என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் போலிருந்தது.

மூன்று இருபத்தைந்து. சக்கரம் கல்லில் கடகடக்கிற சத்தம்.

சந்து திரும்பி வண்டி வந்தது. ஐம்பது வயது ஆள், வாயில் ஏதோ மென்றுகொண்டு, அவசரமே இல்லாமல். கைப்பிடியில் அவளுடைய சிவப்பு பர்ஸ் ஒரு சணல் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஜொவிட்டா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சந்தை மறித்து நின்றாள். அவன் வண்டியை நிறுத்தி, அவளைப் பார்த்து, பர்ஸைத் திறந்து படத்தைப் பார்த்து, மறுபடியும் அவளைப் பார்த்தான். படத்தில் இருப்பவள் தலை வாரியிருந்தாள், அதனால்தான் சந்தேகம். அப்புறம் வாய் நிறையச் சிரித்து, கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான்.

நடுத்தெருவில் நின்று ஜொவிட்டா டீச்சர் அழுதாள். பையில் மிச்சமிருந்த மயிலாப்பூர்த் தேன்குழல் பாக்கெட்டை அவன் கையில் திணித்தாள். அவன் அங்கேயே பிரித்து ஒன்றைக் கடித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பன்னிரண்டாவது விடுதிக்குப் போனான்.

ரயில் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது மணி ஐந்து இருபது. பர்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வூவின் ஸ்கூட்டரிலிருந்து வண்டிக்காரன்வரை, கிடைத்த கதையை அக்காவுக்கு நாலு வரியில் எழுதி அனுப்பினாள். அந்த நிமிஷமே போன் அடித்தது.

"பாத்தியா! பாத்தியாடி!" ஃப்ளோரா அழுதுகொண்டே சிரித்தாள். "அந்தோணியாரே, என் ராசாவே! கைவிடலியே!"

ஜொவிட்டா இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம். நீ எப்ப நேர்ந்தே?"

"பத்தரை மணிக்கு."

"அந்தம்மா பர்ஸ எடுத்தது இங்க பதினோரு மணி. அங்க எட்டரை. எட்டரைக்கு நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"இட்லி அவிச்சிட்டிருந்தேன்."

"உனக்கு விஷயமே தெரியாது அப்ப. நீ இட்லி அவிக்கறப்பவே கெடைச்சாச்சு. அப்புறம் எதுக்கு நேர்ச்சை?"

ஃப்ளோரா யோசித்தாள். "நான் கேக்கப்போறேன்னு அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

இவளிடம் யார் ஜெயிப்பது! ஜொவிட்டாவுக்குக் கோபம் மறுபடி ஏறியது. "என் விஷயத்துல நீ ஏங்கா நேர்ந்துக்கிட்டே? என் காலு, என் பென்ஷன். தனியா போறதுதான் எனக்கு சந்தோஷம்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே அதைக் கொண்டுபோய் அவர் காலடியில வச்சே?"

வரிசை நாலு அடி நகர்ந்தது.

"தெரியும்" என்றாள் ஃப்ளோரா, கடைசியில். "நீ தனியா போறே தனியா போறேன்னு ஊரெல்லாம் பேசுது. நீ எங்கடி தனியா இருக்கே? உனக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போக ஒருத்தி, தேடிக் குடுக்க ஒருத்தன். நீ போனா பத்து நாள் இந்த வீட்டுல நான்தான் தனியா இருக்கேன். ராத்திரி காத்துக்கு ஜன்னல் அடிச்சா எழுந்து உக்காந்துக்கறேன். இதை உங்கிட்ட சொன்னா நீ போறதை நிறுத்திருவே. அதனால சொல்லல. இன்னைக்கு அவர்கிட்ட போய் நின்னப்ப அதுதான் வாயில வந்துச்சு."

ஹென்றி போனபிறகு பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்திருக்கிறார்கள். கொழும்புக்குப் போனபோதும் ஹனோய்க்குப் போனபோதும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிற அக்காவைப் பற்றி ஒரு தரம்கூட அவள் நினைத்ததில்லை. காலையில் மதில்மேல் தனியாகச் சிரித்தது ஞாபகம் வந்தது. அது இனி கிடையாது என்பதும் தெரிந்தது. வலித்தது.

"நீ என்ன நேர்ந்தே? வார்த்தை மாறாம சொல்லு."

"ஜொவிட்டா இனிமே ஒருநாளும் தனியா வெளியூர் போகமாட்டா."

"சரி. தனியா போகமாட்டேன். நீ வா."

"எங்க?"

"அடுத்த தடவை நான் எங்க போறேனோ அங்க. நேர்ந்தது நீ. பாதி நீதான் செலுத்தணும்."

"அடிப் பைத்தியமே, எனக்கு பாஸ்போர்ட்டே இல்லியே."

"எனக்கும்தான் காலையிலேர்ந்து இல்லாம இருந்துச்சு."

ஃப்ளோரா பக்கென்று சிரித்துவிட்டாள். ஜொவிட்டாவின் முறை வந்தது. பர்ஸைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். கதவு விலகியது.

"ஜொவி" என்றாள் ஃப்ளோரா காதுக்குள், சின்னக் குரலில். "போட்டோ எடுப்பாங்கல்ல? அதுக்கு எந்தப் புடவை கட்டிக்கிறது?"